அயர்லாந்து வரலாற்று நினைவு நாள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘வரலாற்றில் இன்று’ பத்தி எழுதுவோர், வினாடி வினா தயாரிப்போர், டப்ளினிலும் பெல்ஃபாஸ்டிலும் வேலைக்குப் போய்க் குடியிருப்போர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அயர்லாந்துத் தேதிகளில் பிழை நுழைவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்: நாள்காட்டி மாறியது, ஈஸ்டர் ஆண்டுதோறும் நகர்வது, ஒரே பெயரில் பல நாள்கள் இருப்பது.

அயர்லாந்தின் சுதந்திர தினம் எது?

அப்படி ஒரு நாள் இல்லை. அரசு அறிவித்த சுதந்திர தினமும் இல்லை, அதற்கென்று விடுமுறையும் இல்லை. சுதந்திரம் ஒரே நள்ளிரவில் கைமாறவில்லை. தவணை முறையில் வந்தது. அதனால் உரிமை கொண்டாடும் தேதிகள் பல.

1916 ஏப்ரல் 24 அன்று, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சியின்போது, டப்ளினில் கிளர்ச்சியாளர்கள் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார்கள். 1919 ஜனவரி 21 அன்று டாயில் எனப்படும் முதல் அயர்லாந்து நாடாளுமன்றம் மான்ஷன் ஹவுஸில் கூடிச் சுதந்திரத்தை அறிவித்தது. 1921 டிசம்பர் 6 அதிகாலை இரண்டு மணியைக் கடந்து லண்டனில் ஆங்கிலோ-ஐரிஷ் ஒப்பந்தம் கையெழுத்தானது. இடைக்கால ஏற்பாட்டுக்கு அந்த ஒப்பந்தம் கொடுத்த கெடு 12 மாதம். அதனால்தான் ஐரிஷ் சுதந்திர அரசு சரியாக ஓராண்டு கழித்து, 1922 டிசம்பர் 6 அன்று பிறந்தது. அதுவும் பிரிட்டிஷ் மன்னரின் கீழ் இருந்த தன்னாட்சி நாடு, அதாவது டொமினியன்தான். இன்றைய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1937 டிசம்பர் 29. மன்னருடன் இருந்த கடைசி இழையும் அறுந்து குடியரசானது 1949 ஏப்ரல் 18. அது ஈஸ்டர் திங்கள். 1916ஐ நினைவூட்டவே அந்த நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது.

பத்தி எழுதுவோருக்குப் பாதுகாப்பான வழி: 1922 டிசம்பர் 6க்கு ‘ஐரிஷ் சுதந்திர அரசு உருவானது’, 1949 ஏப்ரல் 18க்கு ‘குடியரசானது’ என்று எழுதுங்கள். ‘சுதந்திரம் பெற்றது’ என்ற சொற்றொடரை எந்தத் தேதியோடும் தனியாக ஒட்டாதீர்கள். 1921ஐயும் 1922ஐயும் குழப்புவதுதான் மிக அதிகம் காணும் தவறு. இரண்டும் டிசம்பர் 6 என்பதால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடுகிறது.

ஈஸ்டர் எழுச்சியை ஏப்ரல் 24 அன்று நினைவுகூர வேண்டுமா, ஈஸ்டர் அன்றா?

அரசு விழா ஈஸ்டர் ஞாயிறு நண்பகலில் நடக்கிறது, எழுச்சி நடந்த தேதியில் அல்ல. இதில் இன்னொரு சிக்கல்: எழுச்சி தொடங்கியது ஞாயிறே அல்ல, திங்கள். 1916 ஏப்ரல் 23 ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்குவதாகத்தான் திட்டம். தொண்டர் படைத் தலைவர் ஓன் மக்நீல் கடைசி நேரத்தில் அணிவகுப்புகளை ரத்து செய்து செய்தித்தாளிலேயே அறிவிப்புப் போட்டுவிட்டார். மறுநாள் திங்களன்று, குறைந்த ஆள்களோடு, பெரும்பாலும் டப்ளினுக்குள் மட்டும் எழுச்சி தொடங்கியது. 29 அன்று எழுச்சித் தலைவர் பேட்ரிக் பியர்ஸ் சரணடைந்தார். உயிரிழந்தோர் ஏறத்தாழ 485 பேர். அவர்களில் பாதிக்கு மேல் பொதுமக்கள் என்பதைப் பல பதிவுகள் விட்டுவிடுகின்றன.

1916க்குப் பிறகு ஈஸ்டர் ஞாயிறு மீண்டும் ஏப்ரல் 23இல் விழுந்தது 2000இல் மட்டும், அடுத்தது 2079. மற்ற ஆண்டுகளில் தேதியும் திருநாளும் பிரிந்தே நிற்கும். நூற்றாண்டு விழாவின் பெரிய அணிவகுப்பு 2016 மார்ச் 27 அன்று நடந்ததற்குக் காரணம் இதுதான். உண்மையான நூறாவது ஆண்டு நிறைவு அதற்கு நான்கு வாரம் கழித்து, ஏப்ரல் 24 அன்று. ஈஸ்டர் ஞாயிறுகள் சில: 2026 ஏப்ரல் 5, 2027 மார்ச் 28, 2028 ஏப்ரல் 16.

விழா ஓ’கானல் தெருவில் தலைமை அஞ்சலகத்தின் முன் நடக்கும். கூரையில் பறக்கும் மூவண்ணக் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்குவார்கள். படை அதிகாரி ஒருவர் பிரகடனத்தை வாசிப்பார். குடியரசுத் தலைவர் மலர்வளையம் வைத்ததும் ஒரு நிமிட மௌனம். கொடி மேலே ஏறும், தேசிய கீதம் இசைக்கும், விமானப்படை மேலே பறக்கும். நேரில் பார்க்க விரும்பினால் நண்பகலுக்கு நன்கு முன்பே போய்விட வேண்டும், தெரு அடைக்கப்பட்டிருக்கும்.

இந்த விழா எப்போதும் இதே அளவில் நடந்ததும் இல்லை. 1966இல் ஐம்பதாம் ஆண்டைப் பெரிய அளவில் கொண்டாடினார்கள். பார்னெல் சதுக்கத்தின் நினைவுப் பூங்கா திறந்ததும் அந்த ஆண்டுதான். அதே ஆண்டு மார்ச் 8 அன்று, விழாவுக்குச் சில வாரம் முன்பு, அதே தெருவில் நின்ற, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் நினைவுத் தூணைக் குடியரசுவாதிகள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிரிட்டனோடு இருந்துவிட்ட வட அயர்லாந்தில் வன்முறை மூண்டபின், 1970களின் தொடக்கத்தில் ராணுவ அணிவகுப்பு நிறுத்தப்பட்டது. துப்பாக்கி தூக்கியவர்களைக் கொண்டாடுவது அன்றைய ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) ஆயுதக் குழுவுக்கு ஆதரவாகப் படும் என்ற அச்சம். 1991இல் 75ஆம் ஆண்டு ஓசையின்றிக் கடந்தது. அணிவகுப்பு திரும்பி வந்தது 2006இல்.

1916இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்கள் 14 பேரா, 15 பேரா, 16 பேரா?

மூன்று எண்ணும் சரி. எண்ணும் முறைதான் வேறு. மே 3 முதல் 12 வரை டப்ளின் கில்மேனம் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 14 பேர். மே 9 அன்று கார்க் நகரில் சுடப்பட்ட தாமஸ் கென்ட்டைச் சேர்த்தால் 15. ஆகஸ்ட் 3 அன்று லண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்ட ரோஜர் கேஸ்மென்ட்டையும் சேர்த்தால் 16. பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஏழு பேரும் அந்த 14க்குள் அடக்கம். காயத்தால் நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டது கடைசி நாளான மே 12.

டப்ளினில் சுடப்பட்ட 14 பேரும் புதைக்கப்பட்டது ஆர்பர் ஹில்லில், கில்மேனத்தில் அல்ல. ஆண்டுதோறும் மே மாதம் அங்கே அரசு சார்பில் அஞ்சலி நடக்கிறது. கேஸ்மென்ட்டின் உடல் எச்சங்கள் 1965இல்தான் நாடு திரும்பின. கென்ட்டுக்கு அரசு மரியாதையுடன் மறு அடக்கம் 2015 செப்டம்பரில்.

பிரகடனம் வாசித்த நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றுவது எப்படி?

கிரீன்விச் நேரத்தோடு 5.30 கூட்டினால் தவறிவிடும். அப்போது அயர்லாந்துக்கு டப்ளின் நேரம் என்று தனி நேரம் இருந்தது. கிரீன்விச்சுக்கு 25 நிமிடம் 21 விநாடி பின்னால். அதை ஒழித்தது 1916 அக்டோபர் 1, அதாவது எழுச்சி நடந்த அதே ஆண்டு இலையுதிர் காலம். பியர்ஸ் வாசித்தது டப்ளின் கடிகாரத்தில் சுமார் 12.45. கிரீன்விச்சில் 1.10, இந்திய நேரப்படி மாலை 6.40. லண்டனுக்குப் போன தந்திகளையும் டப்ளின் சாட்சியங்களையும் ஒப்பிடும்போது நிகழ்ச்சிகள் அரை மணி நேரம் முன்பின்னாகத் தெரிந்தால், முதலில் இதைச் சரிபாருங்கள்.

பாய்ன் போர் நடந்தது ஜூலை 1. பிறகு ஏன் ஜூலை 12 அன்று கொண்டாடுகிறார்கள்?

அயர்லாந்துத் தேதிகளிலேயே மிகச் சிக்கலானது இது. டிரோகெடா நகருக்கு அருகே ஓல்ட்பிரிட்ஜில், பாய்ன் ஆற்றங்கரையில், புராட்டஸ்டன்ட் மன்னர் மூன்றாம் வில்லியம் சுமார் 36,000 பேருடனும், பதவி இழந்த கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் சுமார் 25,000 பேருடனும் மோதினார்கள். வில்லியம் வென்றார். அன்று அங்கே வழக்கில் இருந்த ஜூலியன் நாள்காட்டியில் அது 1690 ஜூலை 1.

பதினேழாம் நூற்றாண்டில் ஜூலியனுக்கும் இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியனுக்கும் இடைவெளி 10 நாள். ஆகவே சரியான மாற்றம் ஜூலை 11. ஆனால் பிரிட்டனும் அயர்லாந்தும் நாள்காட்டியை மாற்றியது 1752இல். அதற்குள் இடைவெளி 11 நாளாகியிருந்தது. அந்த 11ஐ 1690க்கும் போட்டால் ஜூலை 12 வரும். கணக்கில் தவறு, வழக்கில் சரி.

வேறொரு காரணமும் உண்டு. மறு ஆண்டு, 1691இல், கால்வே மாவட்டத்தின் ஆக்ரிமில் நடந்த போர்தான் ஜேம்ஸ் தரப்பின் முதுகெலும்பை முறித்தது. உயிரிழப்பும் பாய்னைவிடப் பல மடங்கு. அது பழைய நாள்காட்டியில் ஜூலை 12. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த நாளில் கொண்டாடியது முதன்மையாக ஆக்ரிம் வெற்றியை. 1795இல் ஆர்மா மாவட்டத்தில் புராட்டஸ்டன்ட்டுகளின் ஆரஞ்சு சங்கம் தோன்றியபின் பாய்ன் முன்னுக்கு வந்தது. வென்ற மன்னரே நேரில் களத்தில் நின்ற போர் அல்லவா. ஆக்ரிமின் தேதியில் பாய்ன் ஏறி உட்கார்ந்துகொண்டது.

போரின் பழைய தேதி ஜூலை 1 வேறு வகையில் திரும்பி வந்தது. 1916 ஜூலை 1 அன்று பிரான்ஸில் சோம் போரின் முதல் நாள், வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் புராட்டஸ்டன்ட்டுகள் நிறைந்த 36ஆவது டிவிஷன் பேரிழப்பைச் சந்தித்தது. பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் வட அயர்லாந்தின் யூனியனிஸ்ட் குடும்பங்களுக்கு அந்தத் தேதி அதனால் இரட்டைக் கனம்.

ஜூலை 12 அன்று வட அயர்லாந்தில் இருந்தால் என்ன கவனிக்க வேண்டும்?

அங்கே அது பொது விடுமுறை. எல்லை தாண்டிக் குடியரசில் சாதாரண வேலை நாள். 11 இரவு மரப் பலகை அடுக்கிப் பெரும் சொக்கப்பனை கொளுத்துவார்கள். மறுநாள் காலை முதல் ஆரஞ்சு சங்கக் கிளைகள் புல்லாங்குழல், முரசு வாத்தியக் குழுக்களோடு ஊர்வலம் போகும். பெல்ஃபாஸ்டில் சாலைகள் அடைபடும், பல கடைகள் மூடியிருக்கும், பேருந்துத் தடம் மாறும். 12ஆம் தேதி ஞாயிறானால் ஊர்வலம் திங்களுக்குத் தள்ளிப்போகும்: 2015இல் அப்படி நடந்தது, 2026இலும் 13ஆம் தேதிதான்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் ‘இனிய ஜூலை 12’ வாழ்த்து அனுப்பிவிடாதீர்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் பல அந்த வாரத்தில் ஊரை விட்டே வெளியூர் போய்விடும். வாழ்த்து வேண்டுமானால் ‘நல்ல விடுமுறை’ போதும்.

பழைய தேதிகளை நாமே மாற்றுவது எப்படி?

முதலில், ஆவணம் யாருடையது என்று பாருங்கள். ஆங்கிலேய அரசு ஆவணமென்றால் 1752 வரை ஜூலியன். ஸ்பெயின், ரோம், பிரான்ஸ் ஆவணமென்றால் 1582க்குப் பின் கிரெகோரியன். 1700 பிப்ரவரி வரையிலான ஜூலியன் தேதிக்கு 10 நாள் கூட்டுங்கள். அதன்பின் 1752 செப்டம்பர் 2 வரை 11 நாள். அந்த செப்டம்பர் 2க்கு மறுநாள் 14.

அடுத்து ஆண்டைப் பாருங்கள். 1752க்கு முன் ஆங்கிலேய ஆட்சியில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளில் ஆண்டு ஒன்று குறைவாக இருக்கும். ஜேம்ஸ் மன்னர் கின்சேலில் வந்து இறங்கிய நாள் பழைய ஏடுகளில் 1688 மார்ச் 12. நம் கணக்கில் 1689.

கின்சேல் போரே நல்ல பயிற்சி. ஆங்கிலேயருக்கு அது 1601 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். எதிரே நின்ற ஸ்பானியருக்கும் அவர்களோடு சேர்ந்த ஐரிஷ் தலைவர்களுக்கும் 1602 ஜனவரி 3. ஒரே காலை, இரண்டு ஆண்டுகள். இரண்டு நூல்களில் இரண்டு தேதி கண்டால் யாரோ பிழை செய்தார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம்.

இடைக்காலத் தேதிகளை மாற்றவே வேண்டாம். மன்னர் பிரையன் போரு உயிரிழந்த குளோன்டார்ஃப் போர் 1014 ஏப்ரல் 23, புனித வெள்ளி. அதை கிரெகோரியனுக்கு மாற்றினால் புனித வெள்ளி என்ற அடையாளமே குழம்பும். ஆயிரமாவது ஆண்டை 2014இல் ஏப்ரல் 23ஐ ஒட்டியே கொண்டாடினார்கள்.

‘இரத்த ஞாயிறு’ என்றால் எது?

குறைந்தது நான்கு. ஆண்டைக் குறிப்பிடாமல் எழுதவே கூடாது.

1913 ஆகஸ்ட் 31: டப்ளின் கதவடைப்புப் போராட்டத்தின்போது தொழிலாளர் கூட்டத்தின் மீது போலீஸ் தடியடி.

1920 நவம்பர் 21: காலையில் டப்ளினில் ஐ.ஆர்.ஏ. உளவுத் தலைவர் மைக்கேல் காலின்ஸின் ஆள்கள் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளைத் தேடிச் சுட்டார்கள், 15 பேர் பலி, ஒருவர் சில நாள் கழித்து இறந்தவர். பிற்பகல் குரோக் பார்க் மைதானத்தில் டப்ளின்-டிப்பரரி கால்பந்து ஆட்டத்தின்போது அரசுப் படை சுட்டதில் 14 பேர் பலி. டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன் அவர்களில் ஒருவர். மைதானத்தின் ஹோகன் ஸ்டாண்ட் அவர் பெயர்தான். இரவு டப்ளின் கோட்டையில் கைதிகள் மூவர் கொல்லப்பட்டார்கள். மூன்றையும் சேர்த்தால் 32. ‘14 பேர் பலி’ என்று மட்டும் எழுதினால் மைதானத்தை மட்டுமே சொல்கிறீர்கள்.

1921 ஜூலை 10: அயர்லாந்து சுதந்திரப் போரின் போர்நிறுத்தத்துக்கு முதல் நாள் பெல்ஃபாஸ்ட் கலவரம்.

1972 ஜனவரி 30: வட அயர்லாந்தின் டெரி நகரில் சிவில் உரிமை ஊர்வலத்தின் மீது பிரிட்டிஷ் பாராசூட் படை சுட்டது. அன்றே 13 பேர், பின்னர் ஒருவர். 2010 ஜூன் 15 அன்று சாவில் விசாரணை அறிக்கை வெளியானது. அன்றே பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உலகச் செய்திகளில் அடைமொழியின்றி வருவது பெரும்பாலும் இதுவே.

‘நூற்றாண்டுகளின் பத்தாண்டு’ என்பது என்ன? அதில் என்ன சர்ச்சை?

1912 முதல் 1923 வரையிலான நிகழ்ச்சிகளின் நூற்றாண்டுகளை 2012 முதல் 2023 வரை அயர்லாந்து அரசு நடத்திய தொடர் நினைவேந்தல். தொடக்கம் 1912 செப்டம்பர் 28, அல்ஸ்டர் உடன்படிக்கை: பிரிட்டனுக்குள்ளேயே அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் தரும் தன்னாட்சித் திட்டத்தை எதிர்த்து 2,37,368 ஆண்கள் அதில் கையெழுத்திட்டார்கள், 2,34,046 பெண்கள் தனி அறிக்கையில். முடிவு, 1921 ஒப்பந்தத்தை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் மோதிய உள்நாட்டுப் போர் ஓய்ந்த 1923.

எழுச்சியைக் கொண்டாடுவது எளிதாக இருந்தது. தோற்றவர்களையும் எதிர்த்தரப்பையும் சேர்த்துக்கொள்ளும்போதுதான் வண்டி தடுமாறியது. கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் 2016இல் பிரிட்டிஷ் படையினர் உட்பட இறந்த எல்லோர் பெயரையும் பொறித்துச் சுவர் எழுப்பினார்கள். அது திரும்பத் திரும்பச் சேதப்படுத்தப்பட்டது, பிறகு பெயர்களே அகற்றப்பட்டன. பழைய ராயல் ஐரிஷ் போலீஸ் படைக்கு 2020 ஜனவரியில் அஞ்சலி என்ற அறிவிப்பு பெரும் எதிர்ப்பில் தள்ளிவைக்கப்பட்டது. கொடுமைகளுக்குப் பேர்போன ‘பிளாக் அண்ட் டான்’ ஆள்கள் அந்தப் படையில் சேர்க்கப்பட்டவர்கள்தான். 2021 அக்டோபரில் ஆர்மாவில் அயர்லாந்துப் பிரிவினையின் நூற்றாண்டு வழிபாட்டுக்குக் குடியரசுத் தலைவர் ஹிக்கின்ஸ் போக மறுத்தார். நிகழ்ச்சியின் தலைப்பே அரசியல் நிலைப்பாடு என்பது அவர் வாதம்.

சரியாக நடந்த ஒன்று: 1922 ஆகஸ்ட் 22 அன்று காலின்ஸ் பதுங்கித் தாக்கிக் கொல்லப்பட்ட பேல் நா பிளாவில், 2022இல் அன்றைய அயர்லாந்துப் பிரதமர் மீஹால் மார்ட்டினும் துணைப் பிரதமர் லியோ வரத்கரும் ஒரே மேடையில் பேசினார்கள். உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற மரபுகளின் வாரிசுக் கட்சிகள் அவர்களுடையவை.

பெரும் பஞ்சத்துக்கு நினைவு நாள் எது?

உருளைக்கிழங்கு நோய் தென்பட்டது 1845 இலையுதிர் காலத்தில். பஞ்சம் நீண்டது சுமார் 1852 வரை. பத்து லட்சம் பேர் மாண்டார்கள், அதைவிட அதிகமானோர் நாட்டை விட்டுப் போனார்கள். இதற்கு ஒரே தேதி பொருந்தாது. 2008 முதல் ஆண்டுதோறும், பெரும்பாலும் மே மாத ஞாயிறொன்றில், ஒவ்வோர் ஆண்டும் வேறு ஊரில் தேசிய நினைவேந்தல் நடக்கிறது. 1997இல் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் பஞ்சத்துக்காக வருந்தியதாக வாசிக்கப்பட்ட செய்தியை எடுத்தாள்வோர் கவனிக்க: அதை எழுதியது உதவியாளர்கள், அவர் முன்கூட்டி ஒப்புதல் தரவில்லை என்று 2021இல் வெளியான கோப்புகள் காட்டின.

புனித வெள்ளி உடன்படிக்கையின் ஆண்டு நிறைவு புனித வெள்ளியன்றா?

இல்லை. வட அயர்லாந்து வன்முறைக்கு முடிவு கட்டிய இந்த அமைதி உடன்படிக்கையின் நாள் ஏப்ரல் 10. 1998இல் அது புனித வெள்ளியாக அமைந்தது, அவ்வளவுதான். மக்கள் வாக்கெடுப்பு மே 22: வடக்கில் 71.1, தெற்கில் 94.4 விழுக்காடு ஆதரவு. நடைமுறைக்கு வந்தது 1999 டிசம்பர் 2.

புனித பேட்ரிக் நாள் இடம் மாறுமா?

விடுமுறை எப்போதும் மார்ச் 17. திருச்சபை விழா மட்டும் புனித வாரத்தில் சிக்கினால் நகரும். 1940இல் ஏப்ரல் 3, 2008இல் மார்ச் 15. 2023 முதல் புனித பிரிஜிட் நாளும் விடுமுறை: பிப்ரவரி முதல் திங்கள், பிப்ரவரி 1 வெள்ளியானால் அந்த வெள்ளி. இதோடு குடியரசின் பொது விடுமுறைகள் பத்து.

இந்தியாவோடு தொடர்புள்ள தேதிகள் உண்டா?

உண்டு. 1920 ஜூன் 28: ஜலந்தரில் கனாட் ரேஞ்சர்ஸ் படையின் ஐரிஷ் வீரர்கள், தாய்நாட்டில் பிரிட்டிஷ் படை செய்யும் கொடுமையைக் கண்டித்து ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். சோலனில் தலைமை தாங்கிய ஜேம்ஸ் டேலி நவம்பர் 2 அன்று டக்ஷாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் எச்சங்கள் 1970இல் ஊர் திரும்பின.

சென்னைக்கு நேரடித் தொடர்பு மார்கரெட் கசின்ஸ் வழியாக. ராஸ்காமன் மாவட்டத்தின் பாய்ல் ஊரில் 1878 நவம்பர் 7 அன்று பிறந்தவர். டப்ளினில் 1908இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். இந்தியா வந்து, 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவாக முன்நின்றார். 1954 மார்ச் 11 அன்று காலமானார். பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரியும் 1913 முதல் 1916 வரை டப்ளினில் சட்டம் படித்தவர். எழுச்சிக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறச் சொல்லப்பட்டார்.

ஜூன் 23ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். 1985இல் அன்று ஏர் இந்தியா 182 விமானம் கார்க் கடற்கரைக்கு அப்பால் குண்டு வெடித்து விழுந்து 329 பேர் இறந்தார்கள். அஹகிஸ்டா சிற்றூரில் ஆண்டுதோறும் அதே நாளில் அஞ்சலி நடக்கிறது. உறவினர்களோடு உள்ளூர்க்காரர்களும் கூடுகிறார்கள்.

ஒரு தேதியை எங்கே சரிபார்ப்பது?

1913 முதல் 1921 வரையிலான காலத்துக்கு ராணுவ ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் பங்கேற்றோரின் 1,773 வாக்குமூலங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. திரட்டியது 1947க்கும் 1957க்கும் இடையில். முப்பது ஆண்டு கழித்துச் சொன்ன நினைவு என்பதால் நிகழ்ச்சிக்கு நம்பலாம், தேதிக்கு அப்படியே நம்பக் கூடாது. அன்றைய செய்தித்தாளோடு ஒத்துப்பாருங்கள். ஓய்வூதிய விண்ணப்பக் கோப்புகளும் அங்கேயே உள்ளன.

குடும்பத் தேதிகளுக்கு 1901, 1911 மக்கள்தொகைப் பதிவேடுகள் தேசிய ஆவணக்காப்பகத்தில் இலவசம். 1926 ஏப்ரல் 18 அன்று எடுத்த கணக்கெடுப்புக்கு நூறாண்டு விதிப்படி திறப்பு நாள் 2026 ஏப்ரல் 18. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கணக்கெடுப்புகளைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம். 1821 முதல் 1851 வரையிலானவை 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது பெரும்பாலும் அழிந்தன. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அதற்கு முன்பே அரசே அழித்துவிட்டது. எரிந்தவற்றின் நகல்களை உலகெங்கிலும் இருந்து தேடிச் சேர்த்த மெய்நிகர்க் கருவூலம் 2022 ஜூனில் இணையத்தில் திறக்கப்பட்டது. பெயரும் ஊரும் கொடுத்துத் தேடலாம், கட்டணம் இல்லை.